11.42-லேயே நின்ற கடிகாரம்

மன்னார்குடியில் ஒரு சின்ன டி.டி.பி. கடை. எட்டுக்குப் பத்து அறை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரின் மூலையில் இருக்கும் கடிகாரம் ஒருநாள் காலை 11.42-ல் நின்றது. மவுஸை இழுத்தால் அம்புக்குறி அசையவில்லை. கீபோர்டைத் தட்டினால் பதில் இல்லை. எதிரே ஒருவர் பத்திர நகலுக்காகக் காத்திருந்தார். கடைக்கார அம்மா பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போட்டார். வந்துவிட்டது. அன்று மாலைக்குள் இன்னும் இரண்டு முறை நின்றது.

2013-ல் அவருடைய கணவர் வாங்கிய கம்ப்யூட்டர் அது. கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பதில் அவர் கெட்டிக்காரர். 2021-ல் அவர் போய்விட்டார். கடையை அம்மா எடுத்து நடத்துகிறார். டைப்பிங் அவருக்கு முன்பே தெரியும். வடிவமைப்பு அவ்வளவாக வராது. ஆனால், வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, ‘மூத்தவ கல்யாணத்துக்கு அண்ணன் போட்டுக் கொடுத்த அதே மாடல்’ என்பதைத்தான். டி டிரைவைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். எட்டு வருட உழைப்பு அந்த ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. வேறு எங்கும் நகல் இல்லை.

வந்து பார்த்த மெக்கானிக் பத்து நிமிடத்தில் தீர்ப்பு சொன்னார். “போர்டு போயிடுச்சுக்கா. இந்த மாடலுக்கு இப்ப போர்டு கிடைக்காது. புதுசு வாங்கிடுங்க.”

புதுசு வாங்கினாலும் தீராத சிக்கல் ஒன்று இருந்தது. பத்திரிகைகள் எல்லாம் பேஜ்மேக்கரில், பழைய தமிழ் எழுத்துருக்களில் செய்தவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001-ல். புதிய விண்டோஸில் அது ஒழுங்காக ஓடும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். கம்ப்யூட்டர் புதிதாக வரும். கணவர் செய்து வைத்ததெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

அண்ணன் மகன் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படிக்கிறான். லீவுக்கு வந்தவன், “அத்தை, முதல்ல ஃபைலை எல்லாம் வெளிய எடுத்துடலாம். ரிப்பேர் அப்புறம்” என்றான். இது சரியான வரிசை. டிஸ்க் சாகும் நிலையில் இருந்தால், சரிபார்க்கிறேன் என்று அதைப் போட்டு உருட்டுவதே அதன் கதையை முடித்துவிடக்கூடும். கடையைப் பூட்டியபின் ராத்திரி எட்டு மணிக்கு வெளி டிஸ்க்கை மாட்டி காப்பி போட்டார்கள். நடுவில் நின்றுவிடும் என்று பயந்துகொண்டே இருந்தார்கள். மூன்று மணி நேரம் ஒரு முறைகூட நிற்கவில்லை. நிம்மதியில், அது ஏன் என்று இருவருமே யோசிக்கவில்லை.

அவன் சொன்ன இன்னொரு யோசனை: “நிக்கிறப்ப எல்லாம் நோட்ல எழுதி வைங்க அத்தை. மணி என்ன, என்ன வேலை ஓடுச்சு. நம்பர் லாக்கை அமுக்கிப் பாருங்க, லைட் மாறுதான்னு.” அந்த விளக்கு அணைந்து எரிந்தால், கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது, ஏதோ ஒரு புரோகிராம்தான் சிக்கிக்கொண்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். விளக்கும் மாறவில்லை என்றால் விஷயம் ஆழமானது. டிஸ்க் கோளாறாக இருந்தால் பல சமயம் அம்புக்குறி மட்டும் நகரும், டிஸ்க் விளக்கு விடாமல் எரியும். இங்கே அம்புக்குறியும் இல்லை, விளக்கும் மாறவில்லை.

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அத்தை எழுத ஆரம்பித்தார். தினசரி வரவு செலவு எழுதிப் பழகிய கை. ஒன்றையும் விடவில்லை.

அவன் ஒவ்வொன்றாகக் கழித்தான். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ ‘நலம்’ என்றது. கெட்டுப்போன பகுதிகள் பூஜ்யம். கேபினைத் திறந்து, ரேம் துண்டுகளைக் கழற்றி, தங்க நிறப் பற்களை அழிரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பப் பொருத்தினான். இரண்டு ராத்திரி மெம்டெஸ்ட் ஓடியது. இந்தச் சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேமைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்றுகூட வரவில்லை.

அடுத்து சூடு. விசிறிக்கும் அதன் கீழே இருந்த உலோகத் தகடுகளுக்கும் நடுவே தூசு கம்பளி போலப் படிந்திருந்தது. பிராசஸர் மேல் தடவும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. துடைத்து, புதுசு தடவினான். 80 டிகிரிக்கு மேல் போய்க்கொண்டிருந்த சூடு 50 சொச்சத்துக்கு இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீடியோ ஓடவிட்டார்கள். நிற்கவே இல்லை. அத்தை கேசரி கிண்டினார்.

திங்கள்கிழமை காலை 10.20-க்கு நின்றது.

இந்த இடத்தில்தான் பலரும் புது கம்ப்யூட்டர் வாங்கப் போய்விடுவார்கள். அத்தைக்கும் மனசு விட்டுப்போயிற்று. “நீ கிளம்புப்பா, படிக்கிற வேலையைப் பாரு” என்றார். அவன் நோட்டை எடுத்துப் புரட்டினான். பன்னிரண்டு நாளில் இருபத்தோரு தடவை. ராத்திரியில் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றும் இல்லை. பாதிக்கு மேல், ‘பிரிண்ட் குடுத்தப்ப’. பிரிண்டர் டிரைவர் கோளாறு என்று அதுவரை நினைத்திருந்தான். ஆனால், ஒரு வரி வேறு மாதிரி இருந்தது: ‘3.15. சும்மா இருந்துச்சு. வி.ஏ.ஓ. ஆபீஸ் ஆள் வந்தாரு, ஆதார் ஜெராக்ஸ் போட்டேன், நின்னுடுச்சு.’

ஜெராக்ஸ் மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் எந்த ஒயரும் கிடையாது. ஒன்று தவிர. கரன்ட்.

“அத்தை, ஜெராக்ஸ் எந்த பிளக்ல இருக்கு?”

“பொங்கலுக்கு முன்னாடி அந்தப் பக்க பிளக் கருகிப் போச்சுல்ல, அதுலேருந்து இதுலதான்.”

“யு.பி.எஸ்.?”

“அதுல பேட்டரி செத்து வருஷமாகுது. வெறும் பிளக் பெட்டிதான்.”

லேசர் பிரிண்டருக்கும் ஜெராக்ஸுக்கும் உள்ளே ஒரு சூடான உருளை உண்டு. மைத்தூளைக் காகிதத்தில் உருக்கி ஒட்டுவது அதுதான். தூங்கிக்கொண்டிருக்கும் மெஷின் விழித்து அதைச் சூடேற்றும் கணத்தில் மின்சாரத்தை மொத்தமாக உறிஞ்சும். அதே இணைப்பில் வோல்டேஜ் சட்டென்று இறங்கி ஏறும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். அதைத் தாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் வருடக்கணக்கான சூட்டில் வலுவிழந்திருந்தால் தாங்காது. யு.பி.எஸ்.ஸில் பேட்டரி இருந்தவரை இந்தக் கோளாறு வெளியே தெரியாமல் மறைந்திருக்க வேண்டும்.

சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. ஹார்டு டிஸ்க் ஒயரைக் கழற்றிவிட்டு, பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றினான். இனி விண்டோஸையோ டிஸ்க்கையோ குறை சொல்ல முடியாது. திரையில் விநாடி முள் ஓடியது. “போடுங்க அத்தை.” ஜெராக்ஸ் உறுமியது. முள் ஓடியது. மெஷினை ஆறவிட்டு மறுபடி. ஓடியது. மூன்றாம் முறை, முள் நின்றது. இருவரும் கத்தியதில் பக்கத்து டெய்லர் எட்டிப் பார்த்தார்.

அவர் கடையிலிருந்து ஒயர் இழுத்து, அந்த கரன்ட்டில் பத்து தடவை. நிற்கவில்லை. மெக்கானிக்கிடம் இரவல் வாங்கிய வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டி, பழைய பிளக்கிலேயே பத்து தடவை. அதிலும் நிற்கவில்லை. மல்டிமீட்டரில் முதல் நாளே 12 வோல்ட் சரியாகத்தான் காட்டியது. கண் இமைக்கும் நேரத்துக்கு இறங்குவது சாதாரண மீட்டரில் தெரியாது.

பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்து பார்க்க அவனுக்கு ஆசை. அத்தை விடவில்லை, அதுவே நல்லது. பிளக்கைப் பிடுங்கியபின்னும் அதன் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் தொடவே கூடாது.

புது எஸ்.எம்.பி.எஸ்., யு.பி.எஸ்.ஸுக்குப் பேட்டரி, ஜெராக்ஸுக்குத் தனி லைன். எல்லாம் சேர்த்தும் புது கம்ப்யூட்டர் விலையில் பாதி ஆகவில்லை. போர்டு போய்விட்டது என்ற மெக்கானிக்கைக் குறை சொல்லத் தோன்றவில்லை. பத்து நிமிடத்தில் அவருக்கு யாரும் அந்த நோட்டைக் காட்டவில்லையே.

ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு அப்பா வந்தார். சின்னவளுக்குக் கல்யாணம். பெரியவளுக்கு 2016-ல் அடித்த அதே மாடல் வேண்டும். அத்தை தேடித் திறந்தார். மூலையில் மயில், நடுவில் தங்கக் கோடு. கணவர் வைத்தது வைத்தபடி. மணமகள் பெயரை மாற்றிக்கொண்டிருந்தபோது இன்னொருவர் ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கு வந்து நின்றார்.

அத்தை எழுந்து மெஷினைத் தட்டிவிட்டு, திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். 4.06. அங்கேயே நின்றார். 4.07.

நோட்டை எடுத்து எழுதினார்: ‘4.07. ஜெராக்ஸ் போட்டேன். ஓடுது.’