இரண்டு மூடிகள்

2022 பிப்ரவரி. சென்னை மாநகராட்சித் தேர்தலுக்கு இன்னும் ஒரு வாரம். எங்கள் வார்டில் சுயேச்சையாக நிற்கும் அக்கா, நோட்டீஸை அச்சுக்குக் கொடுக்கும் முன் பிழை பார்க்கச் சொல்லி நீட்டினார். பதினான்கு வாக்குறுதிகள். எழுத்துப்பிழை நாலைந்துதான். ஆனால் பதினான்கில் எட்டு, கவுன்சிலர் கைக்கு எட்டாதவை.

குடிதண்ணீர் என்றால் குடிநீர் வாரியம். கரண்ட் போனால் மின்வாரியம். முதியோர் பணம் வருவாய்த்துறையில். பஸ் விடுவது போக்குவரத்துக் கழகம்.

"அப்போ எதுக்குக்கா நிக்கிறீங்க?"

"ஜனங்க என்கிட்ட இதைத்தானே கேக்குறாங்க தம்பி."

பதில் சொல்லத் தெரியாமல் டீ குடித்தேன்.

*

எங்கள் தெருவில் பத்தடி இடைவெளியில் இரண்டு மூடிகள். ஒன்று மழைநீர் வடிகால், மாநகராட்சியுடையது. மற்றது பாதாளச் சாக்கடை, 1978-இல் வந்த குடிநீர் வாரியத்துடையது. பொங்கினால் இரண்டுக்கும் ஒரே நாற்றம். காரணம் எளிது: சாக்கடை அடைத்துக்கொண்டால் யாராவது ராத்திரியோடு ராத்திரியாகக் குழாயை வடிகாலுக்குத் திருப்பிவிடுகிறார்கள். மழை வந்ததும் அது வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

2021 நவம்பர் 6 இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் நுங்கம்பாக்கத்தில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தி.நகர், கொளத்தூர், புளியந்தோப்பு எல்லாம் தண்ணீரில். அதனால் இந்தத் தேர்தலில் எல்லார் வாயிலும் வடிகால்தான். புதிதாகக் கட்டுவோம் என்கிறார்கள். இருப்பதைத் தூர்வாருவோம் என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. தூர்வாரிய இடத்தில் கல்வெட்டு வைக்க முடியாதே.

*

வட சென்னையில் பழைய வீடுகளின் படிகளை எண்ணினால் சாலையின் வயது தெரியும். ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். பழைய தாரின் மேலேயே புதிய தார். சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலர் உத்தரவு போட்டிருக்கிறார். சாலை போடும் அன்று காலை அந்த உத்தரவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் ஓர் ஆள் நின்றால் போதும். கவுன்சிலர் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பொருள் இல்லை.

அக்காவிடம் சொன்னேன். நோட்டீஸின் பின்பக்கம் குறித்துக்கொண்டார்.

*

சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டு. 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்தது. அப்புறம் ஐந்து ஆண்டுக்கு மேல் கவுன்சிலரே கிடையாது, அதிகாரிகள் ராஜ்யம். 1913-க்கு போன் போட்டுப் புகார் எண் வாங்கியே பழகிவிட்டோம். கவுன்சிலர் என்ன செய்வார் என்பதே பலருக்கு மறந்துவிட்டது, நிற்கிறவர்கள் உட்பட.

*

பாதி வார்டுகள் பெண்களுக்கு. சுவரொட்டிகளில் பல இடங்களில் வேட்பாளரைவிடக் கணவர் பெரிதாகச் சிரிக்கிறார். அக்காவின் நோட்டீஸில் அக்கா படம் மட்டும். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். போட்டோ எடுக்கப் போனால் ஒரு சவாரி போகுமாம்.

*

கடைசியில் அச்சானது மூன்றே வரி. ஆகஸ்டு முடிவதற்குள் வடிகால் தூர்வாரப்படும். சுரண்டாமல் சாலை போட விடமாட்டேன். மார்க்கெட் பக்கத்துக் கழிப்பறை இரவில் பூட்டப்படாது.

மூன்றாவது, பூக்கட்டும் பெண்கள் கேட்டது. நானாக யோசித்திருந்தால் என் பட்டியலில் அது வந்திருக்காது.

தெரு விளக்கு விட்டுப்போயிற்று. அதுவும் மாநகராட்சி வேலைதான். அச்சான பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

*

19-ஆம் தேதி வாக்குப்பதிவு. சென்னையில் 44 விழுக்காட்டுக்கும் கீழே. எங்கள் மாடி வீட்டுக்காரர் அன்று விடுமுறை என்று மாமல்லபுரம் போய்விட்டார். போன நவம்பரில் கார் மூழ்கியதாக அதிகம் கத்தியவர் அவர்தான்.

22-ஆம் தேதி எண்ணிக்கை. அக்காவுக்கு டெபாசிட் போயிற்று.

*

அதே ஆண்டு நவம்பர். விடியற்காலை மழை. தெருவில் மூடி பொங்கியதும் நாலு பேர் போய் அக்கா வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். "எந்த மூடி?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டினாராம்.