கயையில் விட்டது

காசி யாத்திரை செய்யும் தமிழர்கள் கயைக்குப் போகாமல் ஊர் திரும்புவது அபூர்வம். நாங்களும் காசியில் மூன்று தினங்கள் தங்கிவிட்டு, விடியற்கால ரயிலில் கயை போய்ச் சேர்ந்தோம். கோஷ்டியில் பதினொரு பேர். மூட்டைகளோ முப்பதுக்குக் குறையா.

பல்கு நதி என்றதும் மணலையே எதிர்பார்த்தோம். வருஷத்தில் பெரும் பகுதி நீர் மணலுக்கடியில் ஒளிந்து ஓட, யாத்திரிகர்கள் ஊற்றுத் தோண்டித் தர்ப்பணம் செய்வது பழைய வழக்கம். 2022-இல் விஷ்ணுபாதத்துக்கு அருகே ரப்பர் அணை கட்டிய பிறகு அங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது. இந்தூர் ராணி அகல்யாபாய் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டுவித்த கோயிலின் கோபுரம் அதில் நிழலாடுவது கண்கொள்ளாக் காட்சி.

நதி மறைந்து ஓடுவதற்கு ஒரு கதை உண்டு. சீதாதேவி மணலைப் பிடித்துத் தசரதருக்குப் பிண்டம் இட்டாள். சாட்சி கேட்டபோது நதியும் பசுவும் பொய் சொல்லின. ஆலமரம் ஒன்றுதான் மெய் சொல்லிற்று. நதிக்குச் சாபம்; மரத்துக்கு அழியா வரம். அந்த அக்ஷயவடத்தின் அடியில்தான் நம்மவர்கள் சிராத்தம் முடித்து, ஒரு காய், ஒரு கனி, ஓர் இலை என்று விட்டுவிட்டு வருகிறார்கள். விட்டதை ஆயுள் உள்ளவரை உண்ணலாகாது. ஆசையை விடப் பழகுவதற்கு முன்னோர் வைத்த முதற்படி இது என்று பெரியோர் சொல்வர்.

நாம் கண்டது வேறு. எங்கள் கோஷ்டிப் பெரியவர் ஒருவர் கணீரென்ற குரலில் பாகற்காயை விட்டார். அவர் அதைத் தொட்டே நாற்பது வருஷமாயிற்று என்று அவர் சம்சாரம் காதோடு சொன்னாள். மற்றொருவர் விட்டது சீமை இலந்தைப் பழம். அது எப்படி இருக்குமென்று யாருக்கும் தெரியவில்லை! மரம் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் பாகற்காய்ப் பெரியவர், வெயிலில் காத்துக் கிடந்த ரிக்ஷாக்காரனிடம் பேசிய கூலியில் பத்து ரூபாயைக் குறைக்கக் கால்மணி நேரம் வாதாடினார்.

1915-இல் ஹரித்துவாரக் கும்பமேளாவுக்குப் போன காந்தியடிகளும் ஒரு விரதம் பூண்டார். இந்தியாவில் இருக்கும் வரை ஒரு நாளைக்கு ஐந்து பண்டங்களுக்கு மேல் உண்பதில்லை. இருட்டிய பின் உண்பதே இல்லை. ஒவ்வொரு வேளையும் இலையைப் பார்த்து எண்ண வேண்டிய விரதம். அது தம்மைக் கடுமையாகச் சோதித்தது என்று பல வருஷங்களுக்குப் பின் சுயசரிதத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

எங்களுடன் வந்த ஓர் அம்மாள் தம் முறை வந்தபோது தயங்கி நின்றார். "சாஸ்திரிகளே, காய்க்குப் பதிலாகக் கோபத்தை விடலாமா? நாட்டுப்பெண்ணிடம் சுடுசொல் சொல்லிவிடுகிறேன்" என்றார்.

சாஸ்திரிகள் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர். நிமிர்ந்து பார்த்தார். "காயை ஒரு நாள் விட்டால் போதும், அம்மா. இதைத் தினமும் விட வேண்டியிருக்கும். யோசித்துக் கொள்ளுங்கள்" என்றார்.

அம்மாள் யோசித்தார். பிறகு இரண்டையும் விட்டார். காய், அவருக்கு மிகவும் பிடித்த கத்தரிக்காய்.

மாலையில் ரயில் கயையை விட்டுக் கிளம்பிச் சிறிது நேரத்துக்கெல்லாம் அவருடைய கைப்பேசி மணி அடித்தது. ஊரிலிருந்து நாட்டுப்பெண். பேச்சு பாதிதான் எங்கள் காதில் விழுந்தது. கொல்லையில் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஐந்து நாளாகத் தண்ணீர் ஊற்றவில்லையாம், வாடிவிட்டதாம். அம்மாளின் முகம் சிவந்தது. வாய் திறந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது. "சரி, இப்போதாவது ஊற்று" என்று சொல்லிக் கைப்பேசியைக் கீழே வைத்தார். வண்டி சோணை நதிப் பாலத்தில் ஏறியது. சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு, அக்கரை வரும் வரை அவர் யாரோடும் பேசவில்லை. அந்தப் பாலம் சுமார் 3 கிலோமீட்டர் நீளம்.