ஏரிக்கரையா, கடற்கரையா?

அந்த விண்ணப்பத்தில் நான்கு பெயர்கள்: தரைப்படை, கடற்படை, விமானப்படை, கடற்படை அகாடமி. விருப்பப்படி வரிசை எண் போட வேண்டியவர் பிளஸ் டூ படிக்கும் மாணவர். முதல் மூன்றில் எது கிடைத்தாலும் புனே அருகே கடக்வாஸ்லா. நான்காவது கிடைத்தால் கேரளத்தின் ஏழிமலை. கடல்மேல் ஆசை வைத்த பையன்தான் தடுமாறுகிறான். கடற்படை அவனுக்கு இரண்டு இடத்தில் வருகிறது.

வீட்டார் பெரும்பாலும் கடக்வாஸ்லாவுக்கே ஓட்டுப் போடுகிறார்கள். பெயர் தெரிந்த இடம். 1949இல் நேரு அடிக்கல் நாட்டினார். ஏரி, எதிரே சிங்ககட் கோட்டை, 7,000 ஏக்கருக்கு மேல் வளாகம். நடுவில் குவிமாடத்துடன் சூடான் பிளாக். உலகப் போரில் தன் மண்ணில் போரிட்ட இந்திய வீரர்களின் நினைவாகச் சூடான் ஒரு லட்சம் பவுண்டு தந்தது. பிரிவினையில் பாகிஸ்தானின் பங்கு போக இந்தியாவுக்கு வந்தது 70,000.

கட்டடத்தைவிட அங்குள்ள கலப்புதான் முக்கியம். மூன்று படைக்கும் போகிறவர்கள் ஒரே ஸ்குவாட்ரனில் மூன்று ஆண்டு வாழ்கிறார்கள். பக்கத்து அறைக்காரன் விமானியாகலாம், எதிர் அறைக்காரன் டாங்கிப் படைக்குப் போகலாம். இந்தக் 'கோர்ஸ்மேட்' உறவு ஆயுள் முழுக்க நீடிக்கும். 2019 டிசம்பர் 31 அன்று நரவானே தரைப்படைத் தளபதியானபோது கடற்படைக்குக் கரம்பீர் சிங், விமானப்படைக்குப் பதௌரியா. மூவரும் கடக்வாஸ்லாவின் 56ஆவது கோர்ஸ். 2022 முதல் பெண்களும் அங்கே சேர்கிறார்கள். முதல் அணியின் 17 பேர் 2025 மே மாதம் வெளிவந்தார்கள்.

இல்லாதது கடல். கடற்படை கேடட் பாய்மரம் ஓட்டப் பழகுவதும் 'பீகாக் பே' என்ற ஏரிக்கரையில், நல்ல தண்ணீரில்தான்.

ஏழிமலைக்குப் பையனூரில் ரயிலிறங்கிப் போக வேண்டும். தென்னைகளுக்கு மேலே கடலுக்குள் மூக்கை நீட்டியபடி நிற்கிறது மலை. அனுமன் தூக்கிச் சென்ற மருந்து மலையின் துண்டு என்கிறது ஊர்க்கதை. தமிழ் படித்தவர்களுக்கு இது சங்கப் பாடல்களின் ஏழில் குன்றம், நன்னனின் மலை. அந்த அடிவாரத்தில் 1987இல் ராஜீவ் காந்தி அடிக்கல் நாட்டிய அகாடமி, 2009 ஜனவரியில்தான் மன்மோகன் சிங் கையால் திறப்பு விழா கண்டது. இருபத்திரண்டு ஆண்டு! இங்கே நேரடியாகச் சேர்பவர் நான்கு ஆண்டு பி.டெக். படிக்கிறார். உடன் இருப்பவர் எல்லோரும் கடற்படைக்காரர்கள். ஜூன் மாதம் மழை இறங்கினால் முதல் ஆண்டிலேயே அரபிக் கடலின் கோபம் தெரிந்துவிடும்.

கப்பல்தான் வேண்டும் என்று தெளிவாக இருப்பவன் ஏழிமலையை முதலில் போடுவதில் தவறில்லை. மனம் இன்னும் அலைகிறவனுக்குக் கடக்வாஸ்லா. ஆனால் விருப்பம் மட்டும் போதாது. தகுதிப் பட்டியலில் எங்கே நிற்கிறான் என்பதும் உண்டு. சமீபத்திய அறிவிப்புகளில் கடக்வாஸ்லாவின் 370 இடங்களில் கடற்படைக்கு 42. ஏழிமலைக்கு அதைவிடவும் குறைவு. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் இல்லாதவனுக்குத் தரைப்படையைத் தவிர வேறு வழியே இல்லை.

இரண்டு பாதையும் கடைசியில் சேருமிடம் ஒன்று. கடக்வாஸ்லாவின் கடற்படை கேடட்டுகள் நான்காம் ஆண்டுப் பயிற்சிக்கு ஏழிமலைக்குத்தான் வருகிறார்கள். இரு தரப்பும் சப் லெப்டினன்ட் ஆவது அதே மைதானத்தில்.

எந்த அகாடமி என்று மாதக்கணக்கில் விவாதிக்கும் குடும்பங்கள் ஒன்றை மட்டும் கேட்பதில்லை: பயிற்சியில் அடிபட்டால்? முதுகெலும்போ தலையோ சேதமாகி, அதிகாரியாகும் முன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்ட கேடட்டுகள் உண்டு. பதவி ஏற்கவில்லை என்ற காரணத்தால் அவர்கள் முன்னாள் படைவீரர் கணக்கில் வரவில்லை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்த பிறகு, அதே மாதம் மத்திய அரசு இவர்களுக்கு முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் இடம் கொடுத்தது. விண்ணப்பத்தில் வரிசை எண் போடும் முன் அப்பாவும் அம்மாவும் இதையும் விசாரித்துக்கொள்ளலாம்.