மலை வேண்டாம், களத்துக்கு வா

அன்புள்ள கயலுக்கு,

அத்தை எழுதுவது. போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். டிசம்பரில் சிநேகிதிகளோடு வந்து, ராத்திரி சித்தன்னவாசல் மலையில் ஏறி எரிநட்சத்திரம் பார்க்கப் போகிறாய் என்று அண்ணி சொன்னார்கள். நீ வருகிறாய் என்றதும் மனசு குளிர்ந்தது. மலை என்றதும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

அது தொல்லியல் துறையின் இடம். பொழுது சாய்வதற்குள் எல்லாரையும் இறக்கிப் பூட்டிவிடுவார்கள். பூட்டாவிட்டாலும் நான் விடமாட்டேன். ஏழடிப்பட்டத்துப் பாறையில் பகலிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். சமணத் துறவிகள் அங்கே கல்லில் படுக்கை வெட்டிப் படுத்திருந்த காலத்தில் வானம் அவ்வளவும் அவர்களுடையது. இப்போது தென்கிழக்கில் புதுக்கோட்டை டவுன் வெளிச்சம் நிற்கிறது. நார்த்தாமலைக்குப் போனால் வடக்கே திருச்சி வெளிச்சத்தில் அடிவானம் வெளுத்துக் கிடக்கிறது. மேலே ஏற ஏற வானம் கிட்டே வரும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நம் ஊர்க் குன்றுகளில் ஏறினால், கீழே இருக்கும்போது மரம் மறைத்த விளக்குகளெல்லாம் கண்ணில் படும், அவ்வளவுதான்.

இருட்டு வேண்டுமென்றால் எங்கள் பக்கம் வா. ஆவுடையார்கோயில் தாண்டினால் ஊருக்கும் ஊருக்கும் நடுவே கண்மாயும் வயலும் கருவேலங்காடும்தான். எங்கள் ஊர் நெல் களம் உனக்குத் தெரியும், சின்னதில் சைக்கிள் பழகினாயே, அதேதான். சம்பா அறுப்பு தைக்குத்தான் வரும். கார்த்திகையில் களம் காலியாகக் கிடக்கும். சிமெண்டுத் தளம், சுற்றிலும் மரமில்லை, புல் பூண்டு இல்லாததால் பூச்சி பொட்டு வந்தாலும் கண்ணுக்குத் தெரியும். கண்மாய்க் கரைக்குப் போகலாமா என்று கேட்காதே. தண்ணீர் ஏறும் மாதத்தில் பொந்திலிருக்கும் பாம்பெல்லாம் கரைக்கு ஏறிவிடும். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும், கடித்தது தெரியக்கூடத் தெரியாது. வயலுக்குள் குறுக்கே நடப்பதும் கூடாது. கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகள் இன்னும் இருக்கின்றன.

இன்னொன்று. வேறு ஊரில் நல்ல இடம் பார்த்தேன் என்று காரை நிறுத்திவிட்டு இருட்டில் நிற்காதே. ஆடு களவு போகும் பகுதி இது. தெரியாத வண்டி நின்றால் ஆட்கள் கம்போடு வருவார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. முதல் நாளே டீக்கடையில் இன்னார் வீட்டுப் பிள்ளை, இன்னதுக்கு வந்திருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அவர்களே துணைக்கு உட்கார்ந்துவிடுவார்கள். அய்யனார் கோயில் காட்டுப் பக்கம் மட்டும் ராத்திரி போக வேண்டாம். சாமி குதிரையேறிக் காவலுக்குப் போகும் நேரம் என்று இங்கே எல்லாரும் நம்புகிறார்கள், நானும் நம்புகிறேன்.

தேதியை நீ நன்றாகத்தான் பார்த்திருக்கிறாய். டிசம்பர் 14 ராத்திரிதான் உச்சம். 9-ம் தேதி அமாவாசை, அதனால் அன்றைக்கு இருக்கும் பிறைநிலா பதினொரு மணிக்கு முன்பே இறங்கிவிடும். ஜெமினிட்ஸ் என்று நீ சொல்கிறாயே, அது புனர்பூசத்துப் பக்கமிருந்து கிளம்புகிற மாதிரி தெரியும். ஒன்றுக்கொன்று பக்கத்தில் இரண்டு வெள்ளி, அதுதான் புனர்பூசம். முன்னிரவில் வடகிழக்கில் எழும்பி, ராத்திரி இரண்டு மணிக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு வந்துவிடும். ஆனால் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டு இருக்காதே, கோடுகள் வானத்தில் எங்கே வேண்டுமானாலும் விழும். நல்ல இருட்டில் மணிக்கு நூறுக்கு மேல்கூடக் கணக்குச் சொல்கிறார்கள். அது புனர்பூசம் உச்சிக்கு வந்து, வானம் துளி மாசில்லாமல் இருக்கும்போது. பாதி தெரிந்தாலே பெரிய பாக்கியம்.

மற்ற பொழிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு வால்நட்சத்திரம் உதிர்த்த தூசி காரணம் என்றால், இதற்கு ஃபேத்தான் என்ற பாறைக்கோள் காரணமாம். 1983-ல் ஒரு செயற்கைக்கோள் வழியாகக் கண்டுபிடித்தார்கள். ஒன்றரை வருஷத்துக்குள் சூரியனை ஒரு சுற்றுச் சுற்றி, சூரியனுக்கு ரொம்பக் கிட்டே போய் வெந்து திரும்புகிறது. அந்தத் துகள்கள் வினாடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, நம் தலைக்கு மேல் நூறு கிலோமீட்டர் அளவில் எரிந்து போகின்றன. இதுவே கொஞ்சம் நிதானமான வேகமாம். அதனால் "அங்கே பாரு" என்று பக்கத்தில் படுத்திருப்பவளைத் தட்டிக் காட்ட நேரமிருக்கும்.

அப்பத்தா இருந்திருந்தால் காட்ட விட்டிருக்காது. எரிநட்சத்திரம் பார்த்தால் ஞாபகமறதி வரும், உடனே பச்சை மரத்தைப் பார் என்று நம் முகத்தைத் திருப்பிவிடுமே. அது வெறும் கிழவி பயம் இல்லை, கயல். புறநானூற்றில் கூடலூர் கிழார் ஒரு பங்குனி இரவில் மீன் விழக் கண்டு, தம் சேர மன்னனுக்கு என்ன ஆகுமோ என்று நடுங்குகிறார். ஏழாம் நாள் மன்னன் இறந்தே போகிறான். அவ்வளவு பழைய பயம் அப்பத்தா வரை வந்திருக்கிறது. உன் அய்யாவுக்கு அது கிடையாது. 1986-ல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது எங்களை விடியுமுன் எழுப்பி, தெற்கே காட்டினவர் அவர்தான்.

கஜா புயல் நினைவிருக்கிறதா? 2018 நவம்பர் 16. நீ பிளஸ் டூ. அப்பத்தாவுக்குத் துணையாக நான் நம் வடகாட்டு வீட்டில் இருந்தேன். விடிந்து பார்த்தால் அய்யா வைத்த தென்னையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது, பலா வேரோடு வந்துவிட்டது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பௌர்ணமி கழிந்து தேய்பிறை ஆனதும் ஒரு ராத்திரி முற்றத்துக்கு வந்தேன். மரமும் இல்லை, விளக்கும் இல்லை, நாலு திசையிலும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. பால்வீதி தெளிவாகத் தெரிந்தது. அத்தனை வருஷம் அந்த வீட்டில் வளர்ந்தும் அப்படி ஒரு வானத்தை நான் பார்த்ததில்லை. அதை ரசிக்க எனக்கு மனசு வரவில்லை, தாயி. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அந்த வானத்தை ஒரு துக்கமில்லாத ராத்திரியில், நீ பக்கத்தில் இருக்க, பார்க்க வேண்டும் என்று அன்றிலிருந்து ஒரு ஆசை.

அதற்காக விளக்கே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தெருவிளக்கு வந்த பிறகுதான் எங்கள் ஊர்ப் பெண்கள் இருட்டினபின் பயமில்லாமல் வெளியே போகிறார்கள். ஆனால் இப்போது போடுகிற வெள்ளை எல்இடி, தெருவுக்குப் போக மிச்சத்தை வானத்துக்கும் வயலுக்கும் இறைக்கிறது. மேலே ஒரு மூடி வைத்து வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினால் வெளிச்சமும் கூடும், வானமும் தப்பிக்கும். கொல்லிமலை அரியூர் சோலையில் இருள்வானப் பூங்கா அமைப்பதாக 2024-ல் அரசாங்கம் அறிவித்தது. நல்ல காரியம். இங்கே யாரும் அறிவிக்காமலே இருட்டு மிச்சமிருக்கிறது, ஆனால் வருஷா வருஷம் தேய்கிறது. நீ படித்த பிள்ளை, கிராமசபையில் இதைச் சொல்ல எனக்கு ஒரு மனு எழுதிக் கொடு.

வரும்போது கம்பளி, குல்லா எடுத்து வா. மூன்று மணிக்கு மேல் பனி இறங்கும், உனக்குச் சளி பிடிக்கும் உடம்பு. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள். வெள்ளை வெளிச்சம் ஒருமுறை கண்ணில் பட்டால், இருட்டுக்குப் பழக மறுபடி அரைமணி நேரம் ஆகும். போனை என்னிடம் கொடுத்துவிட வேண்டும், இதில் பேச்சே இல்லை. பாய், தலையணை, சுக்குக் காப்பி என் பொறுப்பு.

மழைக்காலம், மேகம் மூடினால் மூடினதுதான். ஆனால் இரண்டு மழைக்கு நடுவே வானம் வெளுத்தால், தூசியெல்லாம் கழுவிப் போய் அப்படி ஒரு தெளிவு கிடைக்கும். அதனால் ஒரு நாள் லீவோடு வராதே, 14 திங்கட்கிழமை, சனிக்கிழமையே வந்து செவ்வாய் வரை இரு. அதுவும் தவறினால் மே மாதம் இருக்கிறது. ஹாலி விட்டுப்போன தூசிதான் மே முதல் வாரம் விடியுமுன் கிழக்கே விழும். 2027-ல் மே 6 அமாவாசை. மணமேல்குடிக் கடற்கரையில் கிழக்கே விளக்குப் போட ஊரே கிடையாது, கடல்தான். படகு வெளிச்சம் ஒன்றிரண்டு இருக்கலாம். ஹாலி 2061-ல் திரும்பி வரும். அப்போது உனக்கு அறுபது வயசாகும், நீ பார்ப்பாய்.

அப்பாவையும் இழுத்துக்கொண்டு வா. அப்பத்தா போன பிறகு அண்ணன் இந்தப் பக்கம் தங்கவே இல்லை. முழங்கால் வலி என்று சொல்லும். களத்துக்கு வண்டி போகும், கட்டில் போட்டுத் தருகிறேன் என்று சொல். பல்லவன் ரயிலில் வந்தால் புதுக்கோட்டையில் இறங்க ராத்திரி ஆகிவிடும், காலையில் வந்து சேருகிற வண்டியில் டிக்கெட் போடு. மாமா ஸ்டேஷனுக்கு வருவார். எத்தனை பேர் என்று மட்டும் முன்கூட்டியே எழுது, அரிசி புடைத்து வைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் அத்தை