இந்த நாட்டுக்கு அது தேவையில்லையாம்

எங்கட காரில் சூடு காட்டுகிற முள் மூன்று வருசமாக எழும்பினதே இல்லை. வெள்ளவத்தையில் ஸ்டார்ட் பண்ணி மரைன் டிரைவால் கோட்டை வரைக்கும் போனாலும், வெயிலுக்குள் காலி வீதி டிராஃபிக்கில் முக்கால் மணித்தியாலம் நின்றாலும், அது அடிக்கோட்டில்தான் படுத்துக் கிடக்கும். அப்பாவுக்கு அதில் சரியான பெருமை. முன் சீட்டில் யார் ஏறினாலும் காட்டுவார். "பாத்தியளே, இருபத்துநாலு வருசத்து எஞ்சின். சூடே ஏறாது."

நாங்கள் அக்காவும் தங்கையும். இரண்டு பேரும் கலைப்பீடம், ஒருத்தி மூன்றாம் வருசம், மற்றவள் முதலாம் வருசம். இதில் 'நாங்கள்' என்று வருகிற இடமெல்லாம் இரண்டு பேரும்தான். எந்த போல்ட்டை யார் கழற்றியது என்பதில் வீட்டில் இன்னும் வழக்கு முடியவில்லை, அதனால் பிரித்து எழுதவில்லை.

கார் 2001ஆம் ஆண்டு நிசான் சன்னி, எஃப்பி 15. அம்மம்மா 'சனியன்' என்றுதான் சொல்லுவா, ஆனால் கோயிலுக்குப் போக முதல் ஆளாக ஏறியிருப்பா. அப்பா பென்ஷன் எடுத்த பிறகு நாலு பள்ளிக்கூடப் பிள்ளைகளை அதில் ஏற்றி இறக்குகிறார். எங்கட பஸ் காசு, போட்டோகொப்பிக் காசு எல்லாம் அந்த நாலு பிள்ளைகளிடமிருந்துதான் வருகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தபோது அப்பா பேப்பரில் விலைகளைப் பார்த்துவிட்டு பேப்பரை மடித்து வைத்தார். ஆகவே சன்னி இன்னும் கன காலம் ஓடத்தான் வேண்டும்.

விசயம் வெளிப்பட்டது அப்பாவின் கொப்பியால். 2022 ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றார்கள், ஞாபகம் இருக்கும். அன்றிலிருந்து அப்பா எத்தனை லீற்றர் அடித்தார், எத்தனை கிலோமீற்றர் ஓடினார் என்று ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டு வருகிறார். கியூஆர் போய்விட்டது, கொப்பி போகவில்லை. எங்களில் ஒருத்திக்கு வரலாறு சிறப்புப் பாடம். படிப்பு விடுமுறையில் படிக்க வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் வாசிக்கிற மனநிலையில் அந்தக் கொப்பியை எடுத்தாள். 2022 நவம்பர் வரைக்கும் லீற்றருக்குப் பதினொன்று, பன்னிரண்டு கிலோமீற்றர். அதற்குப் பிறகு ஒன்பது, சில மாதம் எட்டரை.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த நேரம் றோட்டில வாகனமே இல்லை. காலி வீதியில கிரிக்கெட் விளையாடலாம். அதையும் இதையும் சேத்துப் பாக்கேலாது." மூலாதாரத்தைப் பற்றிய நியாயமான ஆட்சேபணைதான். ஆனால் றோட்டில் வாகனங்கள் மெல்ல மெல்லத்தான் திரும்பி வந்தன. கொப்பியில் கணக்கு ஒரே கிழமையில் விழுந்திருந்தது. அது கார் கொட்டாஞ்சேனையில் கொதித்த கிழமை.

அந்த நாள் எங்களுக்கும் நல்ல ஞாபகம். பெரியம்மா வீட்டுக்குப் போகிற வழியில் ஜம்பட்டா வீதியில் பொனட்டுக்குள்ளால் ஆவி கிளம்பியது. பக்கத்து ஒழுங்கையில் அப்பாவுக்குத் தெரிந்த பாஸ் ஒருவரின் கராஜ். நாங்கள் சின்ன வயதிலிருந்தே பாஸ் அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். அவர் றேடியேட்டருக்குப் போகிற இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்த்தார். ஒன்று கை வைக்க ஏலாத சூடு, மற்றது பச்சைத் தண்ணி மாதிரி. எஞ்சின் ஆறின பிறகு எதையோ கழற்றி எறிந்தார், தண்ணி விட்டார், அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வருகிற வழியில் அப்பா சொன்னார்: "அது வெள்ளைக்காரன்ர குளிருக்குச் செய்த சாமான். இந்த நாட்டுக்குத் தேவையில்லையாம்."

கழற்றி எறிந்தது தெர்மோஸ்டாட். இந்த 'தேவையில்லை' கதையை நீங்களும் எங்கேயாவது கேட்டிருப்பீர்கள், பாதிக் கொழும்பு இதை நம்புகிறது. நாங்களும் நம்பித்தான் இருந்தோம், கொப்பியைப் பார்க்கும்வரை. (இந்த நாட்டுக்குத் தேவையில்லை என்ற வசனம் கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம். எங்களைப் பற்றி மாதம் ஒருக்கா யாராவது சொல்லுவார்கள்.)

அதன் வேலை இவ்வளவுதான். எஞ்சினைச் சுற்றி ஓடுகிற தண்ணீர் றேடியேட்டருக்குப் போகிற வழியில் இருக்கிற கதவு அது. எஞ்சின் குளிராக இருக்கும்போது கதவு பூட்டு, தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக் கெதியாகச் சூடேறும். சூடு போதுமான அளவுக்கு வந்ததும் கதவு திறந்து றேடியேட்டருக்கு விடும். கரண்ட் இல்லை, வயர் இல்லை. ஒரு சின்ன உலோகக் குப்பிக்குள் மெழுகு. குறித்த சூட்டில் மெழுகு உருகிப் பருத்து ஒரு ஊசியைத் தள்ளும், கதவு திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் இழுத்து மூடும். 1930களில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் கண்டுபிடித்த யோசனை, இன்றைக்கும் ஓடுகிற கோடிக்கணக்கான கார்களில் இதேதான்.

பழுதானால் இரண்டு விதம். பூட்டினபடி இறுகினால் எங்களுக்கு ஜம்பட்டா வீதியில் நடந்தது நடக்கும். எஞ்சின் கொதிக்கும், றேடியேட்டர் சும்மா குளிர்ந்து போயிருக்கும். திறந்தபடி இறுகினாலோ, கழற்றி எறிந்தாலோ எஞ்சின் ஒரு நாளும் ஒழுங்காகச் சூடேறாது. இது ஆபத்தில்லாத மாதிரித் தெரியும், ஆனால் காசு போய்க்கொண்டே இருக்கும். எஞ்சின் இன்னும் குளிர் என்று நினைத்து கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டி விடும். ஒயிலுக்குள் சேருகிற ஈரம் ஆவியாகிப் போகாது. தேய்மானம் கூடும். கொழும்பு வெயில் 30 பாகை, 32 பாகை. எஞ்சினுக்கு வேண்டியது 80க்கு மேலே. அதைப் பொறுத்தவரை வெள்ளவத்தையும் குளிர்நாடுதான், நுவரெலியா இன்னும் கொஞ்சம் கூடின குளிர்நாடு.

எங்களுக்கு உண்மையில் கோபம் வந்தது ஒரு பழைய டட்சன் கையேட்டைப் பார்த்தபோது. அதில் தெர்மோஸ்டாட் மூன்று விதமாகப் போட்டிருக்கிறது. குளிர் நாடுகளுக்கு 88 பாகையில் திறக்கிறது, சாதாரணமாக 82, வெப்ப நாடுகளுக்கு 76.5. எங்களை மாதிரி நாடுகளை யோசித்து ஒன்றைத் தனியாகவே செய்து வைத்திருக்கிறான். நாங்கள்தான் தேவையில்லை என்று எறிந்திருக்கிறோம்.

அடுத்த சனிக்கிழமை மருதானையில் இறங்கிப் பஞ்சிகாவத்தைக்கு நடந்தோம். கொழும்பில் கார்ச் சாமான் என்றால் பஞ்சிகாவத்தைதான். கதவு, கண்ணாடி, முழு எஞ்சின் என்று வீதியோரத்திலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். முதல் கடையில் எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் யாராவது ஆம்பிளை வருகிறாரா என்று பார்த்தார்கள். இரண்டாவது கடைக்காரர் அன்பாகவே சொன்னார்: "நங்கி, அபே ரடட ஓக ஓன நே." எங்கட நாட்டுக்கு அது தேவையில்லையாம், அதையே விற்கிற மனிசன். எங்கட சிங்களம் பரீட்சைக்குப் போதும், பஞ்சிகாவத்தைக்குப் போதாது. ஆனாலும் பெற்றோல் கணக்கைச் சொல்லி விளங்கப்படுத்தினோம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போய் மூன்றை எடுத்துக்கொண்டு வந்தார். பெட்டியோடு ஜப்பான், பெட்டியில்லாமல் சைனா, ரீகண்டிஷன். பெட்டியோடு இருந்ததை வாங்கினோம். விளிம்பில் 82 என்று அடித்திருந்தது.

பூட்ட முதல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று வாசித்திருந்தோம். நூலில் கட்டி, தண்ணீருக்குள் தொங்கவிட்டு, அடுப்பில் வைக்க வேண்டும். தெர்மாமீற்றர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தண்ணீர் 100இல்தான் கொதிக்கும், அதற்கு முதலே கதவு திறந்திருக்க வேண்டும். கைக்கு அகப்பட்டது அம்மா பால் காய்ச்சுகிற சட்டி. அம்மா வந்து பார்த்தபோது அடியில் சின்னக் குமிழிகள் வரத் தொடங்கியிருந்தன. ஏச வந்தவா ஏசாமல் நின்றா. கதவு மெல்ல மெல்ல, ஒரு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவாக, திறந்தது. எடுத்து வெளியில் வைக்க, தானாக மூடியது. "இன்னொருக்கா வையுங்கோ பாப்பம்" என்றா அம்மா. மூன்று தரம் வைத்தோம்.

ஞாயிறு காலை, எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறியிருக்க, ஃபிளாட்டின் கீழ்த்தட்டில் தொடங்கினோம். ஒன்று சொல்ல வேண்டும்: சூடான றேடியேட்டரின் மூடியைத் திறக்கவே வேண்டாம். அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் முகத்துக்குத்தான் வரும். கீழே பேசினை வைத்துத் தண்ணீரை வடித்தோம், துருத் தண்ணீர், தேத்தண்ணி நிறம். குழாயைப் பின்தொடர்ந்து போனால் எஞ்சினோடு சேருகிற இடத்தில் ஒரு அலுமினிய மூடி, பத்து நம்பர் போல்ட். ஒரு போல்ட் அசையவே இல்லை. செக்கியூரிட்டி அங்கிள் வந்து, ஒன்றும் பேசாமல், ஸ்பானரின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகித் தந்துவிட்டுப் போனார். மூடியைத் திறந்தால் உள்ளே வெறுமை. அங்கே ஒன்றும் இல்லை என்பது முதலே தெரியும், ஆனாலும் பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

பழைய சிலிக்கனைச் சுரண்டத்தான் அதிக நேரம் போனது, ஒன்றரை மணித்தியாலம். பிறகு புதியதை வைத்து, பூட்டி, கூலன்ட் விட்டோம். கூலன்ட் இனிக்கும், ஆனால் நஞ்சு. ஃபிளாட்டுப் பூனை நக்கிவிடும் என்று ஒருத்தி பேசினுக்குக் காவல் நின்றாள்.

பின்னேரம் அப்பா ஓட்ட, நாங்கள் பின்னால். மரைன் டிரைவில் முள் அசையத் தொடங்கியது. மூன்று வருசத்தில் முதல் தடவை. கால்வாசி வந்தது, பாதி வந்தது, கை தட்டினோம். பாதியில் நிற்கவில்லை. முக்காலைத் தாண்டி மேலே போனது. அப்பா ஓரமாக நிற்பாட்டி எஞ்சினை அணைத்தார். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் ரெண்டு கொத்துக் கடை. அப்பா ஏசவில்லை. "அது இல்லாமலே ஓடிச்சுதுதானே" என்றார். நாளைக்குக் காலை ஆறரைக்கு நாலு பிள்ளைகள் வாசலில் நிற்கும். எங்களுக்கு அழுகை வந்தது, இரண்டு பேருக்கும்தான், இதில் வழக்கில்லை.

பாஸ் அங்கிளுக்கு போன் எடுத்ததும் அப்பா இல்லை, நாங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து பைக்கில் வந்தார். ஆறும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு நின்று, பிறகு கழற்றினார். தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் ஒரு சின்ன ஊசி ஆடிக்கொண்டிருக்கும், காற்று வெளியேறுகிற ஓட்டை அது. அது மேலே பார்த்திருக்க வேண்டும். நாங்கள் கீழே பார்க்க வைத்திருந்தோம், காற்று உள்ளே அடைபட்டுவிட்டது. அவர் திருப்பி வைத்தார், குழாயைப் பிசைந்து பிசைந்து குமிழிகளை எடுத்தார். "நல்லாத்தான் பூட்டியிருக்கீங்கம்மா. இது ஒண்ணுதான் தப்பு."

நாங்கள் கேட்டுவிட்டோம். "அப்ப ஏன் அங்கிள் அண்டைக்கு இது தேவையில்லை எண்டு சொன்னீங்கள்?"

அவர் அப்பாவைப் பார்த்தார். "நான் எங்கம்மா சொன்னேன்? அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, கடை இல்ல. வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்னு கழட்டி விட்டேன். ரெண்டு கிழமைக்குள்ள ஒரு வால்வ் வாங்கிட்டு வாங்க, கூலி வேணாம், மாட்டித் தாரேன்னு சொன்னேனே."

அப்பா கூலன்ட் போத்தலின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

அன்று இரவு கொப்பியைத் திரும்ப எடுத்தோம், இந்த முறை பின்பக்கத்திலிருந்து. அங்கே மாதச் செலவுகள். 2022 நவம்பர், டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு மேலே போயிருந்த வருசம். காஸ், சின்னவளின் டியூஷன், அம்மாவின் கண்ணாடி, அம்மம்மாவின் பிரஷர் குளிசை. கடைசி வரியில் 'வால்வ்', விலையோடு. பக்கத்தில் சரி போடவில்லை. டிசம்பரிலும் கடைசி வரி 'வால்வ்'. ஜனவரியில் விலையை வெட்டிக் கூட்டி எழுதியிருந்தார். பெப்ரவரியில் அந்த வரி இல்லை.

அதைப் பற்றி நாங்கள் அப்பாவிடம் கதைக்கவில்லை. கொப்பியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டோம்.

இப்போது முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கிறது, அசைவதில்லை. அப்பாவுக்கு இன்னும் பழகவில்லை, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போகும். போன மாதம் லீற்றருக்குப் பத்தேமுக்கால். பெட்டி ஜப்பானின் காசை பாஸ் அங்கிள் கேட்டறிந்து, அநியாய விலை என்றார். பால் காய்ச்சுகிற சட்டியை அம்மா திரும்ப அடுப்பில் வைக்க விடவில்லை. புதுச் சட்டி இன்னும் வாங்கவில்லை, அடுத்த மாதச் செலவில் எழுதியிருக்கிறது.