முதல் விமானம்

இருபது ஆண்டுகளாகக் கோப்புகளை மேசைக்கு மேசை நகர்த்தி வரும் ஒரு குமாஸ்தாவுக்கு விமானத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கக்கூடும். என் பதின்மூன்று வயது மகள், மின்மோட்டாரால் பறந்து ரிமோட்டுக்குக் கட்டுப்படும் மாதிரி விமானம் ஒன்று வேண்டுமென்று கேட்டாள் என்பதே தகுதி. அதன் விலை எங்கள் ஒரு மாத மளிகைச் செலவை விழுங்கிவிடும். முதல் நிமிடத்திலேயே அது நொறுங்கினால் பணத்தோடு அவள் ஆவலும் நொறுங்கும். பணத்தையாவது ஓராண்டில் சேர்த்துவிடலாம்.

அவள் மனம் போர்விமானத்தின் மீது சென்றது. விமானப் படையின் பராமரிப்புத் தலைமையகம் அமைந்த நாக்பூரில் வளரும் குழந்தைக்கு அது இயல்பே. எங்கள் குடியிருப்பில், அப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற மராத்தியப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் படத்தைக் காட்டினோம். "பேட்டா, குச்சியிலிருந்து கையை எடுத்துவிட்டால் இது என்ன செய்யும்?" என்று கேட்டார். அவளுக்கு விடை தெரியவில்லை; எனக்கும்தான்.

போர்விமானம் எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கமே மேலும் சாயும். இறக்கை சிறிது, எடை மிகுதி; வேகம் குறைந்தால் காற்று தாங்காது. பழகுவோர்க்கு உரியதோ வேறு இனம். நீண்ட இறக்கை உடலின் உச்சியில் அமைந்திருக்கும். அதன் இரு முனைகளும் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். அது சாயும்போது தாழ்ந்த பக்கமாகச் சறுக்குகிறது. அப்போது தாழ்ந்த இறக்கை காற்றைக் கூடுதலான கோணத்தில் சந்தித்து, அதிகத் தூக்குவிசை பெற்று, தானே நிமிர்கிறது. பதறிப்போன பிள்ளை கையை எடுத்துவிட்டாலும் விமானம் பதறுவதில்லை.

இது புதிய கண்டுபிடிப்பன்று. 1871இல் பாரிஸ் நகரத் தோட்டம் ஒன்றில் அல்ஃபோன்ஸ் பேனோ என்னும் இளைஞர் முறுக்கிய ரப்பரால் இயங்கும் சிறு மாதிரி ஒன்றைப் பறக்கவிட்டார். பதினொரு விநாடிகளில் சுமார் 40 மீட்டர் சென்றது. மேல்நோக்கி வளைந்த இறக்கை நுனிகள் அதிலேயே இருந்தன. விசிறியும் பின்புறத்தில் இருந்தது. மூக்குக் குத்தி விழும் பிள்ளைகளின் விமானத்துக்கு இன்றும் அதுவே நல்லது. விசிறி முதலில் தரையில் மோதாது.

தெர்மாகோலைவிட நெகிழ்வான நுரைப்பொருளால் ஆன உடல் வேண்டும். உடைந்தால் பசையிட்டு ஒட்டி அரைமணியில் பறக்கவிடலாம். பால்சா மரம் அழகுதான். ஆனால் அதைச் செப்பனிடப் பொறுமையும் கைத்திறனும் வேண்டும். சாய்வைத் தானே திருத்தும் மின்னணுக் கருவியும் இப்போது கிடைக்கிறது. அதை நான் வரவேற்கிறேன். குழந்தை நடை பழக நடைவண்டி கொடுப்பதில் இழுக்கில்லை.

மின்கலத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாக இருந்தேன். லித்தியம் பாலிமர் மின்கலம் தவறாகக் கையாண்டால் தீப்பிடிக்கும். ஒவ்வொரு அறையும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறலாகாது. முற்றிலும் வடியவும் விடலாகாது. அதற்குரிய சார்ஜரில், ஆள் அருகிருக்கும்போதே மின்னேற்ற வேண்டும். இரவில் செருகிவிட்டு உறங்கும் பழக்கம் எங்கள் வீட்டில் கைப்பேசிக்கு மட்டுமே.

இடமும் பார்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளை ஒட்டி வெளியான வரைபடம் வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரித்தது. விமான நிலையம் உள்ள ஊரில் வீட்டு மாடியை நம்ப இயலாது. பெரியவரின் துணையோடு, ஊருக்கு வெளியே பச்சைப் பகுதியில் ஒரு தரிசு நிலம் கண்டோம்.

தேர்ந்தெடுத்த விமானத்தின் படத்தைக் கண்டதும், "அப்பா, கொக்கு மாதிரி இருக்கே!" என்று மகள் முகம் சுளித்தாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அதற்குக் கொக்கு என்றே பெயர் சூட்டிவிட்டாள்.

சங்கராந்திப் பட்டங்களின் நூல் விசிறியில் சிக்கும் என்பதால், பட்டங்கள் இறங்கும்வரை காத்திருக்கிறோம். அதுவரை கணினியில் பழகுகிறாள். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றுவதுதான் அவளுக்குப் பெரும் தொல்லை. நேற்றுவரை அறுபத்திரண்டு முறை விழுந்ததாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறாள்.