கம்பியும் காலும்

புது பைக் வாங்கியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். விலை பேசி, ரிஜிஸ்ட்ரேஷன் செலவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் கூட்டி, அப்பாடா என்று நிமிரும்போது மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு காகிதம் நகர்ந்து வரும். எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸ். சீட் கவர், டேங்க் கவர், கால் மிதி ரப்பர். இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கிராஷ் கார்டு என்று ஒரு வரி இருக்கும் பாருங்கள், அதை அடிக்க மட்டும் கை வராது. லெக் கார்டு என்று அதற்கு இன்னொரு பெயர். காலைக் காப்பாற்றும் என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எப்படி வேண்டாம் என்பது?

என் அக்கா மகன் முதல் வண்டி எடுத்தபோது கூடப் போயிருந்தேன். பி.காம். படித்த தம்பி பக்கத்தில் இருந்தால் விலை குறையும் என்பது அக்காவின் பல வருட மூடநம்பிக்கை. விலை குறையவில்லை, காகிதம் வந்தது. கார்டு மட்டும் இரண்டாயிரத்துச் சொச்சம்.

"போட்டுடுடா. பணம் போனா சம்பாதிச்சுக்கலாம், கால் போனா வருமா?" என்றாள் அக்கா.

"நீங்க சொல்லுங்க மாமா" என்றான் பையன்.

ஒரு செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் வவுச்சரில் கையெழுத்துப் போடக்கூடாது என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இது வண்டிச் செலவா, வைத்தியச் செலவா? இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

முதலில் வண்டிக் கணக்கு. பெட்ரோல் பங்க் மணலில் சறுக்குவது, யூ டர்ன் எடுக்கும்போது சாய்வது, சைடு ஸ்டாண்டு சரியாகப் போடாமல் விழுவது... நம்முடைய விழுதல்களில் முக்கால்வாசி இந்த ரகம்தான். கார்டு இல்லாத வண்டி சாய்ந்தால் கிளட்ச் லீவர், இண்டிகேட்டர், ஃபுட்ரெஸ்ட், சமயத்தில் டேங்க் என்று வரிசையாக அடி வாங்கும். கார்டு இருந்தால் கம்பி முதலில் தரையைத் தொடும். உள்ளே மாட்டிய காலுக்கும் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைத் தேய்மானம் என்று கழித்துவிட்டுத்தான் தருவார்கள். க்ளெய்ம் கேட்டால் 20 சதவிகிதத்தில் ஆரம்பித்து 50 வரை வளரும் நோ க்ளெய்ம் போனஸும் போகும். அதனால் சின்ன அடிகளுக்கு எல்லோரும் கைக்காசைத்தான் போடுகிறோம். அப்படிப் பார்த்தால் ஓரிரண்டு விழுதலிலேயே கார்டு தன் விலையை எடுத்துக் கொடுத்துவிடும். லாபம்தான்.

இனி வைத்தியக் கணக்கு. இங்கேதான் உதைக்கிறது.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்று ஒரு பேராசிரியர். பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள். அவருடைய குழு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. 1981-ல் அறிக்கை வந்தது. கிராஷ் கார்டு பற்றி அது சொன்னது இவ்வளவுதான்: கணுக்காலிலும் பாதத்திலும் அடி குறைகிறது. அந்த அளவுக்கு முழங்காலிலும், கீழ்க்காலிலும், தொடையிலும் அடி கூடுகிறது. அதாவது வரவும் செலவும் சரி. கையிருப்பு பூஜ்யம்.

அது அந்தக் காலத்து அமெரிக்க வண்டி, அந்த ஊர் ரோடு என்று நீங்கள் ஆட்சேபிக்கலாம். நியாயம். ஆனால் முழங்கால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். வேகமாக மோதும்போது நாம் சீட்டில் சமர்த்தாக உட்கார்ந்திருப்பதில்லை. தூக்கி வீசப்படுகிறோம். போகிற வழியில் ஒரு இரும்புக் கம்பி காலுக்குக் குறுக்கே நிற்கிறது.

இந்த வரவு செலவில் யாரும் கவனிக்காத ஒரு கம்பி உண்டு. பின்சக்கரத்தின் இடதுபக்கம் இருக்கும் புடவை கார்டு. பின்னால் உட்காருகிறவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி, சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்று 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி சொல்கிறது. புடவைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வண்டியோடு வரும் இதைத்தான், லுக் கெட்டுப்போகிறது என்று நம் பையன்கள் முதல் மாதமே கழற்றி மாடியில் போடுகிறார்கள். காசு கொடுத்து முன்னால் ஒரு கம்பி, சட்டம் கொடுத்த கம்பி பரணில்!

அப்புறம் ஹெல்மெட். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவிகிதம் இருசக்கர வாகனங்களில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029. பின்னால் உட்கார்ந்து போனவர்களும் இதில் சேர்த்தி. பின்சீட்டுக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2015-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் இரண்டாயிரத்துக்குக் கார்டு மாட்டிவிட்டு, ரோட்டோரக் கடையில் பேரம் பேசி ஒரு பிளாஸ்டிக் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிற ஆட்களைத் தினமும் சிக்னலில் பார்க்கிறேன்.

மூன்றாம் நாள் மருமகனிடம் சொன்னேன். கார்டு போட்டுக்கோ, தப்பில்லை. ஆனால் அது வண்டிக்குத்தான், உனக்கில்லை. ஜி.பி. ரோடில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரே கிளாம்பில் தொங்குவதை வாங்காதே. ஃபிரேமில் ரெண்டு மூணு இடத்தில் போல்ட் பிடிக்கிற கம்பெனி அயிட்டமாகப் பார். ஹேண்டில்பாரைவிட அகலமாக வேண்டாம், ஆட்டோக்காரரோடு தினம் சண்டை வரும். சர்வீஸ் விடும்போது போல்ட்டை முறுக்கச் சொல். இதற்கெல்லாம் முன்னால், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் இரண்டு வாங்கு. ஒன்று உனக்கு.

"இன்னொண்ணு யாருக்கு மாமா?"

"உங்கம்மாவுக்குடா. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு யார் பின்னாடி உட்கார்ந்து போவா? அந்தப் புடவை கார்டு மேலயும் கை வைக்காதே."